டாவன்போர்ட்டின் 22 குழந்தைகள்

1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரத்துக்கு ஒரு முதுகலை மாணவி வந்துபோகத் தொடங்கினார். பெயர் மேரி டியூடர், வயது 22. அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கோளாறுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் வந்தது அந்த ஊரின் அனாதை இல்லத்துக்கு. உள்நாட்டுப் போரில் இறந்த படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்த இல்லத்தில் அப்போது 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் சோறு போட வழியில்லாமல் பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் உண்டு.

டியூடர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார். எல்லாக் குழந்தைகளும் பேசுகிறபடிதான் அவர்களும் பேசினார்கள். ஒரு சொல்லை இரண்டு முறை சொல்வது, நடுவில் நின்று யோசிப்பது, 'அது வந்து' என்று இழுப்பது. நன்றாகப் பேசிய ஆறு குழந்தைகளிடம் அவர் சொன்ன சேதி வேறு. உன் பேச்சில் பெரிய குறை இருக்கிறது, திக்குவாய் தொடங்குவதற்கான அறிகுறிகள் உன்னிடம் தெரிகின்றன, உடனே நிறுத்தியாக வேண்டும், மன உறுதியோடு முயற்சி செய், சரியாகச் சொல்ல முடியுமென்றால் மட்டும் வாயைத் திற என்றார். இல்லத்தின் ஆசிரியைகளிடமும் விடுதிப் பொறுப்பாளர்களிடமும் இந்தக் குழந்தைகளுக்குத் திக்கல் ஆரம்பித்திருக்கிறது, தடுமாறும்போதெல்லாம் நிறுத்தித் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்களுக்கும் உண்மை தெரியாது.

அந்தக் குழந்தைகளுக்குத் திக்கல் இல்லை. திக்கலை உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம்.

இதைக் கேட்டதும் யாரோ ஒரு கல் நெஞ்சுக்காரர் தீட்டிய திட்டம் என்று தோன்றும். ஆய்வை வழிநடத்திய வெண்டல் ஜான்சன் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதுதான் இந்தக் கதையைக் கவனித்துப் படிக்க வேண்டியதாக்குகிறது. அவரே திக்கிப் பேசியவர். கன்சாஸ் மாநிலத்துக் கிராமமொன்றில் பிறந்து, ஒரு வாக்கியத்தை முடிக்கப் படாதபாடு பட்டு வளர்ந்தவர். தன்னைப் போன்றவர்களுக்கு விடிவு தேடித்தான் இந்தத் துறைக்கே வந்தார். திக்கலுக்குக் காரணம் மூளையின் இடது வலது பாதிகளுக்கிடையே உள்ள போட்டி என்று அந்தக் காலத்தில் ஒரு கருத்து இருந்தது. அதைச் சோதிக்கத் தன் வலக்கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு இடக்கையால் எல்லாம் செய்யப் பழகிப் பார்த்தார். பயன் இல்லை. பிறகு அவருக்கென்று ஒரு கொள்கை உருவாயிற்று. திக்கல் குழந்தையின் வாயில் பிறப்பதில்லை, அதைக் கேட்கும் பெற்றோரின் காதில் பிறக்கிறது. இயல்பான தடுமாற்றத்தைப் பெரியவர்கள் 'திக்குவாய்' என்று பெயர் சூட்டித் திருத்தப் போகும்போது, குழந்தை பயந்து, அந்தப் பயமே திக்கலாகிறது என்றார்.

அழகான கொள்கைதான். சோதிக்கத் தக்கதும்கூட. சோதிக்கும் வழியை யோசிக்கும்போதுதான் சிக்கல். பெயர் சூட்டினால் திக்கல் வரும் என்று ஒருவர் உண்மையிலேயே நம்புகிறார் என்றால், நன்றாகப் பேசும் குழந்தைக்கு அந்தப் பெயரைச் சூட்டச் சொல்வது எதற்குச் சமம்? தன் கொள்கை சரியாக இருந்தால் இந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்கத் திக்கிப் பேசும் என்பது ஜான்சனுக்குத் தெரியும். திக்கிப் பேசுவது எப்படிப்பட்ட வேதனை என்பதும் உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். மாவுக்கட்டைத் தன் கையில் போட்டுக்கொண்டபோது வலி யாருக்கு, முடிவு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. டாவன்போர்ட்டில் முடிவு ஒருவருடையது, வலி இன்னொருவருடையது.

மொத்தம் 22 குழந்தைகள், 5 வயது முதல் 15 வயது வரை. அவர்களில் 10 பேருக்குத் திக்கல் இருப்பதாக ஏற்கெனவே இல்லத்தில் பேச்சு இருந்தது. அவர்களைப் பாதியாகப் பிரித்து ஐந்து பேரிடம் உன் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்றும், மற்ற ஐந்து பேரிடம் எல்லோரும் சொல்வது உண்மைதான், உனக்குத் திக்கல்தான் என்றும் சொன்னார்கள். மீதி 12 பேரும் இயல்பாகப் பேசுபவர்கள். அவர்களில் ஆறு பேருக்குப் பாராட்டு. ஆறு பேருக்கு முன்னே சொன்ன கெட்ட சேதி. ஜனவரியிலிருந்து மே மாதக் கடைசி வரை இது நடந்தது.

டியூடர் கவனமாகக் குறிப்பெடுத்தவர். அவருடைய ஆய்வேட்டில் அந்த ஆறு குழந்தைகளும் மாதத்துக்கு மாதம் மாறுவது தெரிகிறது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, முந்தைய மாதம் கலகலவென்று பேசியவள், இப்போது அவளை வாய் திறக்கவைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒன்பது வயதுச் சிறுமி பேசவே மறுத்துப் பெரும்பாலான நேரம் கையால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயதுப் பையன் ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்பே நிறுத்தி, இந்தச் சொல்லில் எனக்குத் தடை வரப்போகிறது என்று அறிவிக்கத் தொடங்கினான். பதினைந்து வயதுப் பெண், அடுத்த சொல் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் தயங்கித் தயங்கிப் பேசி, ஆத்திரத்தில் விரலைச் சொடுக்கிக்கொண்டாள். சிலரின் பள்ளிப் படிப்பும் சரிந்தது.

ஆய்வு முடிந்த பிறகும் டியூடர் இல்லத்துக்குச் சில முறை போனார். உங்கள் பேச்சில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை என்று தோன்றி ஜான்சனுக்குக் கடிதமும் எழுதினார். ஒரு குழந்தையின் மனத்தில் ஐந்து மாதம் ஊன்றியதை ஓரிரு நல்வார்த்தை பிடுங்கிவிடாது. அதிலும், நேற்றுவரை குறை இருக்கிறது என்று சொன்ன அதே ஆள் இன்று வந்து இல்லை என்றால் எதை நம்புவது?

டியூடரின் முதுகலை ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் அட்டை கட்டி வைக்கப்பட்டது. வெளியிடப்படவே இல்லை. ஜான்சனின் மாணவர்களுக்குள் மட்டும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். அனாதைகளிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று அதிர்ந்துபோனவர்கள் அதற்கு 'அரக்கத்தனமான ஆய்வு' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'மான்ஸ்டர் ஸ்டடி' என்ற பெயரே இன்று நிலைத்துவிட்டது. ஜான்சன் புகழ்பெற்றார், 1965இல் காலமானார். தம் புத்தகங்களில் இந்த ஆய்வைப் பற்றி அவர் பேசவில்லை.

இந்த மௌனத்தின் விலை எவ்வளவு என்பதைச் சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமையோடு நிறுத்திவிடுவார்கள். அறிவியலுக்கு என்ன ஆயிற்று என்பது கதையின் மறுபாதி.

2002இல் நிகோலின் ஆம்ப்ரோஸ், எஹூத் யாய்ரி என்ற இரண்டு திக்கல் ஆய்வாளர்கள் டியூடரின் பழைய ஆய்வேட்டை எடுத்து எண்களை மறுபடி அலசினார்கள். அந்த ஆறு குழந்தைகளுக்குத் திக்கல் உண்டானதற்குச் சான்று அதில் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. குழந்தைகள் பயந்தார்கள், ஒடுங்கினார்கள், பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், திக்குபவர்களாக மாறவில்லை. அதாவது ஜான்சனின் கொள்கைக்கு அவருடைய ஆய்வே துணை நிற்கவில்லை. அந்த எண்கள் 1939இலேயே அச்சேறியிருந்தால், மற்ற ஆய்வாளர்கள் அப்போதே கேள்வி கேட்டிருப்பார்கள். அச்சேறாததால் கொள்கை மட்டும் ஊரெல்லாம் பரவியது. அடுத்த முப்பது வருடங்களில், பிள்ளைக்குத் திக்குகிறது என்று மருத்துவரிடம் வந்த எத்தனையோ பெற்றோர், நீங்கள்தான் காரணம், கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாகச் சரியாகும் என்ற அறிவுரையோடு திரும்பிப் போனார்கள். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியும் கிடைக்கவில்லை, தாய்க்குக் குற்ற உணர்வு மட்டும் மிச்சம். திக்கலில் மரபணுவுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பெரிய பங்கு உண்டு என்று இன்று தெரியும். ஏறக்குறைய 5 விழுக்காடு குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள், பெரியவர்களில் 1 விழுக்காட்டினரிடம் தங்கிவிடுகிறது.

அறநெறியைப் பற்றிப் பேசும்போது அதை அறிவியலின் காலில் கட்டிய விலங்காகப் பேசுவது வழக்கம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ கண்டுபிடித்திருக்கலாமே என்ற ஏக்கம் நல்ல ஆய்வாளர்களிடம்கூட உண்டு. டாவன்போர்ட் அதற்கு நேர்மாறான சாட்சி. பங்கேற்பவரிடம் சொல்ல முடியாத ஆய்வைப் பின்னால் சக ஆய்வாளரிடமும் சொல்ல முடியாமல் போகிறது. சொல்ல முடியாததை யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாதது அறிவியல் ஆகாது. மனிதர்களிடம் நேர்மையாக நடந்துகொள்வதும் உண்மையைக் கண்டுபிடிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்று நான் நம்பவில்லை.

அந்தக் குழந்தைகளுக்கு உண்மை தெரிய வந்தது 2001இல். கலிஃபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' நாளிதழ் கதையை வெளிக்கொண்டுவந்தது. 62 வருடங்கள் கழித்து, எழுபது வயதை ஒட்டியவர்களாக, தங்களுக்கு நேர்ந்தது என்னவென்று அவர்கள் கேள்விப்பட்டார்கள். டியூடருக்கும் அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களும் இறந்துபோனவர்களின் குடும்பத்தாரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அவர்களில் சிலரின் பெயர்கள் செய்திகளில் வந்துவிட்டன. இங்கே நான் எழுதவில்லை. தங்களைக் கேட்காமல் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களை, கேட்காமல் இன்னொரு புத்தகத்திலும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஏன் அனாதை இல்லம்? இந்தக் கேள்வி முக்கியமானது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் பிள்ளைகளை வைத்து இந்த ஆய்வு நடந்திருக்க முடியுமா? ஒரு தாய் மாலையில் வந்து, என் பிள்ளை ஏன் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை என்று கேட்டிருப்பாள், அதோடு ஆய்வு நின்றிருக்கும். டாவன்போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. அயோவா ஆய்வாளர்களுக்கு அந்த இல்லம் பழக்கப்பட்ட இடம். அதே காலத்தில் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் அதே இல்லத்திலிருந்து சில குழந்தைகளை அன்பும் கவனிப்பும் கிடைக்கும் வேறோர் இடத்துக்கு மாற்றி, அவர்களின் அறிவுத்திறன் உயர்வதைக் காட்டினார். குழந்தை வளர்ப்பைப் பற்றிய உலகத்தின் பார்வையையே மாற்றிய ஆய்வு அது. ஒரே இல்லம், ஒரே பல்கலைக்கழகம். ஒரு குழந்தைக்கு நல்லது நடந்ததும் இன்னொன்றுக்குக் கெடுதல் நடந்ததும் எந்த ஆய்வாளர் கதவைத் தட்டினார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. அப்படி அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் பிற்காலத்தில் விதிகள் வந்தன.

விதிகள் வந்த கதை பெரும்பாலும் மருத்துவத்தின் கதை. நாஜி மருத்துவர்களை விசாரித்த நூரம்பர்க் தீர்ப்பு 1947இல் பத்து அம்சங்களை வகுத்தது. ஆய்வுக்கு உட்படுபவரின் மனமுவந்த சம்மதம் அதில் முதலாவது. அமெரிக்க உளவியல் சங்கம் 1953இல் தன் முதல் அறநெறித் தொகுப்பை வெளியிட்டது. ஆனால் அமெரிக்காவைச் சட்டம் இயற்ற வைத்தது 1972இல் வெளிவந்த டஸ்கீகி விவகாரம். அலபாமா மாநிலத்தில் சுமார் 400 கறுப்பின ஆண்களின் மேகப்புண் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 40 வருடங்கள் வேடிக்கை பார்த்திருந்தது அரசின் சுகாதாரத் துறை. 1974இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 1979இல் பெல்மான்ட் அறிக்கையை வெளியிட்டது.

பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளைச் சொல்கிறது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன். ஆய்வின் சுமையை யார் சுமக்கிறார், பலனை யார் அனுபவிக்கிறார் என்று அது கேட்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதற்காகச் சிறைக் கைதிகளையும் இல்லத்துப் பிள்ளைகளையும் மனநோயாளிகளையும் தேர்ந்தெடுக்காதே என்கிறது.

இந்தியாவில் இதற்கான வழிகாட்டி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நெறிமுறைகள். 1980இல் கொள்கை அறிக்கையாகத் தொடங்கி, 2017இல் வந்த பதிப்பு சமூக அறிவியல், நடத்தை அறிவியல் சார்ந்த சுகாதார ஆய்வுகளுக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறது. ஒவ்வோர் ஆய்வையும் ஓர் அறநெறிக் குழு பரிசீலிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதை 'எத்திக்ஸ் கமிட்டி' என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு. குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூக அறிவியலாளர் ஒருவர் இருக்க வேண்டும். இவர்களோடு, மருத்துவத் துறையைச் சேராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஆள்தான் குழுவின் உயிர் என்பது என் எண்ணம். நிபுணர்கள் எல்லோரும் புள்ளியியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிள்ளைகளின் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கக்கூடியவர் அவர்.

படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருந்து, எல்லாம் விளக்கப்படுவதைக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் கைநாட்டும் சாட்சியின் கையெழுத்தும். குழந்தை என்றால் பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் அதன் வயதுக்கேற்பச் சொல்லி இசைவு கேட்க வேண்டும். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 99ஆம் பிரிவில், மனநோய் உள்ளவரை ஆய்வுக்காகப் பேட்டி காண்பதானால்கூட அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. பேட்டிதானே, ஊசியா போடுகிறோம் என்று நினைப்பவர்களுக்கான பதில் இது. டாவன்போர்ட்டில் ஊசி போடவில்லை. பேசியது மட்டும்தான்.

உளவியலுக்கே உரிய ஒரு சங்கடம் இங்கே குறுக்கிடுகிறது. மருத்துவர் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் மாத்திரை வேலை செய்யும். நீங்கள் அதிகாரத்துக்கு எவ்வளவு பணிகிறீர்கள் என்று பார்க்கப் போகிறேன் என்று ஒருவரிடம் முன்கூட்டிச் சொன்னால், அவர் பணிய மாட்டார். அதனால் உளவியலில் சில ஆய்வுகள் ஏதாவதொன்றை மறைத்துத்தான் நடக்கின்றன. எவ்வளவு மறைக்கலாம்?

ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் இந்தக் கேள்வியை அதன் எல்லை வரை கொண்டுபோனார். 1961 ஜூனில் நியூ ஹேவன் நகரத்து நாளிதழில் நினைவாற்றல் ஆய்வுக்கு ஆட்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், பயணச் செலவுக்கு 50 சென்ட். யேல் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்தவர் முன்னால் ஒரு பெட்டி. அதில் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 விசைகள். அடுத்த அறையில் இருப்பவர் விடையைத் தவறாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அடுத்த விசையை அழுத்த வேண்டும். உள்ளேயிருந்து எதிர்ப்புச் சத்தம் வரும். மின்சாரம் பொய், சத்தம் நடிப்பு. விசையை அழுத்துபவருக்கு மட்டும் அது தெரியாது. முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். மூன்று பேருக்கு அடக்க முடியாத வலிப்புபோன்ற சிரிப்பு வந்தது.

அவர்கள் நிறுத்தப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டவரிடம், சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஆய்வாளர் தொடரச் சொன்னார். மறுபடி கேட்டால், தொடர்வது ஆய்வுக்கு அவசியம் என்றார். அதற்கு மேலும் தயங்கினால், உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்றார். அது உண்மையல்ல, எழுந்து போக யாருக்கும் தடை இருக்கவில்லை. இன்று எந்த ஒப்புதல் படிவத்தை எடுத்தாலும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த உரிமையின் மதிப்பை இந்த ஆய்வகத்தைவிடத் தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை.

1964இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மில்கிராமுக்கு எழுதிய மறுப்பு, இந்தத் துறையின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிய கட்டுரை. நம்பி வந்தவர்களை அவமானப்படுத்தி, தங்களைப் பற்றித் தாங்கள் விரும்பாத ஒன்றை அவர்கள் அறியும்படிச் செய்துவிட்டு, சிறிது நேரம் பேசிச் சமாதானப்படுத்திவிட்டோம் என்றால் போதுமா என்று கேட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஆய்வகம் என்பது வருபவர் ஆய்வாளரை நம்பித் தன்னை ஒப்படைக்கும் இடம். அங்கே காட்டும் கீழ்ப்படிதலை வைத்து வெளியுலகத்தின் கீழ்ப்படிதலைப் பற்றி முடிவுக்கு வர முடியுமா? ஒரே வாதத்தில் அறமும் முறையியலும் கைகோத்து நிற்கின்றன. மில்கிராம் பதில் சொன்னார். பங்கேற்றவர்களிடம் பிறகு அனுப்பிய கேள்வித்தாளில் 84 விழுக்காட்டினர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றார்கள் என்று எடுத்துக் காட்டினார். மகிழ்ச்சி உண்மையாகவே இருக்கலாம். அதைக் கேட்டறிவதற்கு முன்பே அந்தத் துன்பத்தைக் கொடுத்தாயிற்று என்பதுதான் பிரச்சினை. பிற்காலத்தில் யேலின் ஆவணங்களைத் துருவிய ஜீனா பெர்ரி என்ற எழுத்தாளர், பலருக்கு ஆய்வு முடிந்தவுடன் முழு உண்மையும் சொல்லப்படவில்லை, தபாலில் வந்த அறிக்கையைப் பார்த்துப் பல மாதம் கழித்தே தெரிந்துகொண்டார்கள் என்று காட்டினார். அத்தனை மாதமும் ஒரு மனிதனை வதைத்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு இருந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் கீழ்ப்படிதலை ஆராயவே கூடாதா? ஆராயலாம் என்று 2009இல் ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர் காட்டினார். மில்கிராமின் எண்களை அவர் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த அறையிலிருந்து, என்னை வெளியே விடுங்கள் என்ற முதல் கூக்குரல் 150 வோல்ட்டில் வருகிறது. அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை போனவர்கள். அப்படியென்றால் 150 வோல்ட்டிலேயே நிறுத்திவிடலாமே! கடைசி வரை கொண்டுபோய் வதைக்கத் தேவையில்லை. மன உளைச்சலுக்கு ஆளாகக்கூடியவர்களை மருத்துவ உளவியலாளர்கள் நேரில் பேசி முன்கூட்டியே விலக்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பணம் உங்களுக்குத்தான் என்று மூன்று முறை சொன்னார்கள். ஆய்வை நடத்தியவரே ஒரு மருத்துவ உளவியலாளர். யாராவது தாங்க முடியாமல் தவித்தால் அங்கேயே நிறுத்த அவருக்கு உத்தரவு. முடிந்த சில நொடிகளிலேயே அடுத்த அறைக்காரர் சிரித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். விளைவு: 70 விழுக்காட்டினர் 150 வோல்ட்டைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். மில்கிராமின் இதே வகை ஆய்வில் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் 82.5 விழுக்காடு. ஏறக்குறைய அதே பதிலை, ஒருவரையும் கடைசி விசை வரை கொண்டுபோகாமல் பர்கர் பெற்றுவிட்டார். கட்டுப்பாடு அவரை யோசிக்க வைத்தது. யோசித்ததால், கேள்வியின் மையம் எந்த விசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மில்கிராமுக்கு அது தேவைப்படவில்லை.

இன்று ஆய்வகம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் வரும் பதிவுகளை மாற்றியமைத்தது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தது, சிலருக்குச் சோகமான பதிவுகளைக் குறைத்தது. அதனால் அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறியது, மிக மிகச் சிறிய அளவில். 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. யாரிடமும் தனியாகக் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது எல்லோரும் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளே சம்மதம் என்றார்கள். தரவைத் திரட்டியது தனியார் நிறுவனம் என்பதால் ஆய்வில் சேர்ந்திருந்த பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அதைப் பரிசீலிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. கட்டுரையை வெளியிட்ட இதழே பிறகு தன் கவலையைத் தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது.

பாதிப்பு சிறியதுதானே என்று சொல்லலாம். சராசரியில் சிறியது. அந்த ஆறு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் பேரில் அந்த வாரம் மனச்சோர்வின் விளிம்பில் இருந்தவர் எத்தனை பேர், சிறுவர்கள் எத்தனை பேர் என்று யாரும் முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கவில்லை. பர்கர் சில பத்துப் பேருக்காகச் செய்த சலித்தெடுக்கும் வேலையை, லட்சக்கணக்கானோர் விஷயத்தில் செய்யாமலே விட்டார்கள். இங்கேயும் கேள்வி டாவன்போர்ட்டின் கேள்விதான்: கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஆய்வு நடந்தால் நிறுத்தச் சொல்வது யார்?

உங்கள் கல்லூரியிலோ மருத்துவமனையிலோ பிள்ளையின் பள்ளியிலோ ஒரு கேள்வித்தாளை நீட்டி நிரப்பித் தரச் சொன்னால், நிரப்புவதற்கு முன் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இதை நடத்துவது யார், எதற்காக, என் பெயரும் பதில்களும் யார் கைக்குப் போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், நடுவில் விலகினால் என் மதிப்பெண்ணோ சிகிச்சையோ பாதிக்கப்படுமா, அறநெறிக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, குறை இருந்தால் யாரைத் தொடர்புகொள்வது. ஒழுங்காக அனுமதி பெற்ற ஆய்வு என்றால் இதற்கான பதிலெல்லாம் தமிழிலேயே ஒரு தகவல் தாளில் இருக்கும், அதன் பிரதி ஒன்றை உங்களிடம் தர வேண்டும். தாள் இல்லை, அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று பதில் வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வரலாம்.